பூமாரி எழுதிய மனு

பூமாரி வைகுண்டராஜைக் கட்டிக்கொண்டு தேனிக்கு வந்த பதினோராவது மாதம், போலீஸ் அவரை முதல் தடவையாகப் பிடித்துக்கொண்டு போனது. அது 1930. கள்ளுக்கடை வாசலில் நாலைந்து பேரோடு மறியல் செய்தார். போகிற காரியத்தைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைக்குக் கிளம்புகிற மாதிரியே கிளம்பிப் போனவர் ஆறு மாதம் கழித்துத்தான் திரும்பினார். பூமாரிக்கு அப்போது பதினேழு வயது. அவளுடைய அப்பா தேவதானப்பட்டியில் புகையிலை வியாபாரம் பார்த்தவர். மாப்பிள்ளைக்குத் தேனிக் கடைவீதியில் சொந்தமாகப் பலசரக்கு மொத்தக்கடை, வெற்றிலைகூடப் போடாதவர் என்று நாலு இடத்தில் விசாரித்துத்தான் பெண் கொடுத்தார். ஜெயிலுக்குப் போகிற பழக்கம் உண்டா என்று விசாரிக்க அவருக்குத் தோன்றவில்லை.

அந்த ஆறு மாதத்தில் அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வீதியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். சத்தம் வீட்டைத் தாண்டிப் போகிறதா, வாசலில் நிற்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி எடுப்பாள். அவர் விடுதலையாகி வந்த பிறகும் அது போகவில்லை.

வைகுண்டராஜ் மெட்ரிகுலேஷன் வரை படித்தவர். இங்கிலீஷ் பத்திரிகையை வரிக்கு வரி வாசித்து, வண்டிக்காரனுக்கும் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்தவர். கம்பத்திலும் சின்னமனூரிலும் போடியிலும் கூட்டம் என்றால் அவர் பேச்சு இல்லாமல் நடக்காது. முப்பத்தேழு தேர்தலில் அவர் நிற்கவில்லை. நின்றவரை ஜெயிக்க வைத்தார். மாகாணக் கமிட்டியில் அவர் பெயர் வந்தது. வடக்கே நடந்த மகாசபைக்கு இரண்டு தடவை போய்வந்தார். கடையைத் தம்பி செல்லப்பாண்டி பார்த்துக்கொண்டான். மதுரைத் தலைவர்கள் தேனி வழியாகப் போனால் வீட்டில் இறங்கிச் சாப்பிட்டார்கள். இருபது பேருக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, அடுப்படிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அவர்கள் பேசுவதைக் கேட்பாள் பூமாரி. "அடுத்த போராட்டம்" என்ற வார்த்தை காதில் விழுந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

நாற்பத்தொன்றில் தனிநபர் சத்தியாக்கிரகம் வந்தது. யுத்தத்துக்கு உதவாதே என்று கடைவீதி முக்கில் நின்று சொன்னார். நாலு மாதம் கிடைத்தது. அவர் உள்ளே இருந்தபோது எட்டு மாதத்து மகனுக்கு ஜன்னி கண்டது. மூன்றே நாள். தந்தி கொடுத்தார்கள், பரோல் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவர் வந்தபோது பூமாரி அவரைப் பிள்ளையைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போனாள். மழை பெய்து மண் சமமாகிவிட்டிருந்தது. வெகுநேரம் நின்றார். அப்புறம் கேட்டார்: "எந்தப் பக்கம் தலை?"

பூமாரி கையைக் காட்டினாள். அதன்பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை. மூத்தவள் அன்னத்தாய்க்கு அப்போது ஆறு வயது.

அடுத்த வருஷம் ஆகஸ்டில் அவரைக் கடையிலிருந்தே கூட்டிப்போய்விட்டார்கள். வீட்டைச் சோதனை போட வந்த போலீஸ்காரர்கள் அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். சாமி படத்தைக் கழற்றிப் பின்பக்க அட்டையைப் பிய்த்தார்கள். வேலூர் ஜெயிலில் வைத்திருப்பதாக மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது. விசாரணை இல்லை, தண்டனை இவ்வளவு என்ற கணக்கும் இல்லை. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று போடி ரயில் தண்டவாளத்தையே பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். பெட்ரோலும் இல்லை, மதுரைக்குப் போக முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு புகைந்து புகைந்து ஓடுகிற பஸ்தான் கதி. வேலூரிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். அதில் சில வரிகள் மேல் கறுப்பு மை பூசியிருக்கும். அந்த மைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பாள். உடம்புக்கு ஏதாவது சொல்லியிருப்பாரோ, அடித்திருப்பார்களோ என்று அந்த ஒரு அங்குல மையை வைத்து ஒரு மாதம் பயப்படுவாள்.

நாற்பத்துநாலு மாசியில் அன்னத்தாய்க்குக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், உச்சி வெயிலில், பல் தந்தியடிக்கிற குளிரோடு வருகிற முறைக்காய்ச்சல். பள்ளத்தாக்கில் அதைத் தெரியாதவர்கள் கிடையாது. கொய்னா மருந்து கொடுத்தால் நிற்கும். கொய்னாதான் இல்லை. வழக்கமாகப் பொட்டலம் விற்கிற போஸ்டாபீஸில் செல்லப்பாண்டி போய்க் கேட்டான். "எல்லாம் பட்டாளத்துக்குப் போயிருச்சுங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்ததில் பாதி அளவு கொடுத்தார் டாக்டர். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறது, இப்படியே இன்னும் இரண்டு வாரம் போனால் தாங்காது என்றார். பிள்ளை மூன்றாம் வாரம் கஞ்சியும் குடிக்க மறுத்தது. குளிர் ஏறுகிறபோதெல்லாம் ஒரே கேள்விதான்.

"அம்மா, அப்பா எப்ப வருவாக?"

வீட்டைக் கண்காணித்துப் போக வாரம் ஒருமுறை வருகிற சப்-இன்ஸ்பெக்டர் அந்த வாரமும் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கட்டிலில் கிடந்த பிள்ளையைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா, நீங்களே ஒரு மனு எழுதிப் போடுங்க. சர்க்கார்ல இப்பக் கொஞ்சம் கொஞ்சமா ஆளுகளை விட ஆரம்பிச்சிருக்காக. நடந்ததுக்கு வருத்தம், இனிமே அவர் அரசியல்ல இறங்காம நான் பாத்துக்கிறேன்னு நீங்க உறுதி குடுத்தா, நானும் சிபாரிசு எழுதுறேன்."

"அவுக சம்மதிக்க மாட்டாகய்யா."

"அவரை யாரு கேட்டா? இது உங்க மனு. உங்க கையெழுத்து."

அவர் போன பிறகு செல்லப்பாண்டியிடம் சொன்னாள். அவன் பதறிப்போனான்.

"மதினி, இது மட்டும் அண்ணனுக்குத் தெரிஞ்சுச்சு, இந்த வீட்டுப் படி ஏற மாட்டாரு."

"ஏறாட்டிப் போகட்டும் தம்பி. உசுரோட இருக்கிற பிள்ளைய அவுக பாக்கணும். இன்னொரு தடவை எந்தப் பக்கம் தலைன்னு கேக்க விட மாட்டேன்."

செல்லப்பாண்டி கடைக்குக் கிளம்பிவிட்டான்.

பக்கத்துத் தெருவில் கிருபாவதி டீச்சர் இருந்தாள். மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு ஆசிரியை. அன்னத்தாய்க்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள். பூமாரி சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் எழுதினாள். ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"வருத்தம்ங்கிறதைப் போட வேணாம்க்கா. பிள்ளைக்குச் சுகமில்ல, அதனால விடுங்கன்னு மட்டும் கேப்போம்."

"அது இல்லாட்டி சிபாரிசு எழுத மாட்டாராம். போடுங்க டீச்சர்."

கிருபாவதி எழுதினாள். அடியில் பூமாரி தமிழில் கையெழுத்துப் போட்டாள். வைகுண்டராஜ் மனைவி பூமாரி. அவர் பெயரை அவள் எழுதியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே ரிஜிஸ்டர் தபாலில் போய்விட்டது.

மறுநாள் காலையில் எழுந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போஸ்டாபீஸுக்குப் போய், நேற்றுக் கொடுத்த கவரைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டாள். பை முதல் பஸ்ஸிலேயே போய்விட்டது என்றார்கள். அதுவரைக்கும் அவளுக்கு ஒரு பயம்தான் இருந்தது. இப்போது இரண்டாகிவிட்டது. மனுவைச் சர்க்கார் தள்ளிவிடுமோ என்று ஒன்று. ஏற்றுக்கொண்டுவிடுமோ என்று ஒன்று.

இதற்குள் கிருபாவதி சும்மா இருக்கவில்லை. மதுரை மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற தன் சிற்றப்பாவுக்கு எழுதி, இருபது மாத்திரை வாங்கி வரவழைத்திருந்தாள். ஆறாவது மாத்திரையில் குளிர் நின்றது. பங்குனி முடிவதற்குள் அன்னத்தாய் எழுந்து உட்கார்ந்து ரசஞ்சோறு கேட்டது. பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே பூமாரி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று செல்லப்பாண்டி நினைத்தான். இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தால் அந்தக் காகிதத்துக்கே வேலை இருந்திருக்காது என்றுதான் அவள் அழுதாள்.

வைகாசியில் வைகுண்டராஜ் விடுதலையானார். அவரோடு சேர்த்து அன்றைக்கு வேலூரில் பன்னிரண்டு பேரை விட்டார்கள். மற்றப் பதினொரு பேருக்கும் யாரும் மனுப் போட்டதாகத் தெரியவில்லை. ஆக, அவர் வந்தது பூமாரியின் காகிதத்தாலா, தானாக வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவருக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, முன்பல் ஒன்று இல்லை. அன்னத்தாய் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அவர் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் பூமாரியைப் பார்த்தார்.

"காய்ச்சல்னு எழுதியிருந்தியே?"

"சரியாப் போச்சு" என்றாள். மீதியை நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த நாளை ஒன்றரை வருஷம் தள்ளிப்போனது.

நாற்பத்தைந்து கடைசியில் தேர்தல் வரப்போகிறது என்றானது. சென்னைச் சட்டசபைக்கு இந்தப் பக்கத்தில் வைகுண்டராஜைத்தான் நிறுத்துவார்கள் என்று கடைவீதியே பேசிக்கொண்டது. அந்த இடத்தை எதிர்பார்த்து இன்னொருவரும் இருந்தார். உத்தமபாளையம் ரைஸ்மில் சண்முகராஜ். அவரும் ஜெயிலுக்குப் போனவர்தான். கடைசி வரைக்கும் உள்ளே இருந்தவர். போலீஸ் ஸ்டேஷனில் முன்பு எழுத்து வேலை பார்த்த ஒருவர் மூலமாக மனு விஷயம் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒருநாள் காலை பத்து மணிக்குக் கடையைப் போட்டது போட்டபடி செல்லப்பாண்டி வீட்டுக்கு ஓடிவந்தான்.

"மதினி, வெளிய வந்துருச்சு. சண்முகராஜ் மதுரைக் கமிட்டிக்கே எழுதிப் போட்டுட்டாராம். வைகுண்டராஜ் மன்னிப்புக் கேட்டு வெளிய வந்தவருன்னு."

"அவுகளா கேட்டாக? நாந்தானே கேட்டேன்."

"ஊரு அப்படிப் பிரிச்சாப் பாக்கும்?"

வைகுண்டராஜ் மதுரைக்குப் போயிருந்தார், மத்தியான பஸ்ஸில் வருவார். அவர் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் நாலு பேர் சொல்லிவிடுவார்கள். பூமாரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போனாள். பதினாறு வருஷத்தில் அவள் அங்கே போய் அவருக்காகக் காத்திருந்தது அன்றைக்கு மட்டும்தான். பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். அங்கே நின்ற ஒவ்வொருவரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

இறங்கியவர் அவளைக் கண்டதும் வெளுத்துப்போனார். "அன்னத்தாய்க்கு என்ன?"

"அவ நல்லாருக்கா. நடங்க, சொல்றேன்."

பஞ்சு ஜின்னிங் மில் சுவரோரமாக நடந்துகொண்டே சொன்னாள். காய்ச்சல், சப்-இன்ஸ்பெக்டர், கிருபாவதி, வருத்தம் என்ற அந்த வார்த்தை, எல்லாவற்றையும் சொன்னாள். அடிப்பார் என்று நினைத்தாள். இல்லாவிட்டால் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை. ரத்தம் சுண்டிய முகத்தோடு கேட்டார்:

"எந்த மாசம் எழுதுன?"

"மாசியில."

"என் ஃபைல்ல வேற என்ன பாத்தாகளாம்?"

"வேற என்ன இருக்கு? என் மனு ஒண்ணுதேன்."

அவர் நடையை எட்டிப் போட்டார். அந்த வாரம் முழுவதும் பேசவில்லை.

அடுத்த வாரம் மதுரையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, பூமாரி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அவளைப் பற்றியே பேசினார்கள்.

"உங்க மேல எங்களுக்குச் சந்தேகமில்ல. ஜனங்க கேப்பாக. பத்திரிகையில ஒரு அறிக்கை விட்டுருங்க. அந்த மனு உங்களுக்குத் தெரியாம நடந்தது, அதை நீங்க ஏத்துக்கிடலன்னு. அது வந்துட்டா உங்க பேரை நாங்க அனுப்பிருவோம்."

வைகுண்டராஜ் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார், மூடினார். மேடையில் ஏறினால் இரண்டு மணி நேரம் மடமடவென்று பேசுகிறவருக்கு ஒரு வரி வரவில்லை. தன்னை ஊருக்கு முன்னால் விட்டுக்கொடுக்க மனமில்லாமல்தான் தவிக்கிறார் என்று எண்ணி, பூமாரி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"எழுதுங்க. நான் சொல்றேன்."

மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் நின்றபடியே சொன்னாள். என் மனைவி பூமாரி என் சம்மதம் இல்லாமல், பெண்புத்தியால், தேசத்துக்கு இழுக்கு வரும்படியான ஒரு மனுவைச் சர்க்காருக்கு அனுப்பிவிட்டாள். அதை நான் கண்டிக்கிறேன். அவர் எழுதினார். பத்திரிகையில் இப்படித்தான் எழுதுவார்கள் என்று அவளே யோசித்து ஒரு வரி சேர்த்தாள். நான் ஒருநாளும் சர்க்காரிடம் கருணை கேட்டவன் அல்ல.

அவர் பேனா நின்றது.

"அதுதாங்க முக்கியம்" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

கொஞ்ச நேரம் கழித்து அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை வெளிவந்த பத்திரிகையைக் கடைவீதியில் ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் நின்று கேட்டார்கள். அன்றிலிருந்து பூமாரிக்கு ஒரு பெயர் வந்தது. மன்னிப்புக்காரி. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. அவள் குடத்தோடு போனால் தண்ணீர்க் குழாயடியில் பேச்சு நிற்கும். திரும்பி நாலடி வைத்தால் மறுபடி தொடங்கும். அதிலிருந்து வெயில் ஏறி, ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் தண்ணீருக்குப் போனாள்.

நாற்பத்தாறு மார்ச்சில் வைகுண்டராஜ் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். இங்கிலீஷ் தெரிந்தவர், ஓயாமல் உழைக்கிறவர் என்று சென்னையில் பெயர் வாங்கினார். அந்த வருஷமே டெல்லி அரசியல் நிர்ணய சபைக்கு அவரையும் ஒருவராக அனுப்பினார்கள். தேனியிலிருந்து டெல்லிக்கு ஒருவர்! வழியனுப்பப் பள்ளத்தாக்கே திரண்டு வந்தது. மாலைகளுக்கு நடுவில் அவர் முகம்கூடத் தெரியவில்லை. பூமாரி அன்னத்தாய்க்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

டெல்லியிலிருந்து வாரம் ஒரு கடிதம் வந்தது. அங்கத்துக் குளிர், கோதுமை ரொட்டி, எந்தக் கமிட்டியில் போட்டிருக்கிறார்கள், இன்றைக்கு எழுந்து எத்தனை நிமிஷம் பேசினார், எல்லாம் இருக்கும். மேகமலைத் தோட்டத்து லயன் வீடுகளில் காய்ச்சலில் சாகிற கூலிக்காரர்களைப் பற்றி அவர் பேசியதை டெல்லிப் பத்திரிகை போட்டோவோடு போட்டது. அவரை மந்திரியாக்கப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி வந்து போனது. எதைப் பற்றி எழுதினாலும் மனுவைப் பற்றி மட்டும் ஒரு எழுத்து இருக்காது. இன்னும் கோபம் ஆறவில்லை என்று பூமாரி எடுத்துக்கொண்டாள். அவர் பெயர் பெரிதாக ஆக ஆக அவள் பயமும் பெரிதானது. எவனாவது அந்த மனுவைத் தோண்டி எடுத்து டெல்லியிலும் காட்டிவிடுவானோ? உயரத்தில் ஏறியவரைக் கீழே இழுக்கத் தன் கையெழுத்துதான் கயிறாகப் போகிறதோ?

நாற்பத்தேழு ஆகஸ்ட் பதினைந்துக்கு அன்னத்தாயின் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றப் பூமாரியைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். முந்தின நாள் பள்ளிக்கூடத்துப் பியூன் வந்து, வேறு ஏற்பாடு செய்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான். பூமாரி கூட்டத்தோடு கூட்டமாக நின்று கொடி ஏறுவதைப் பார்த்துவிட்டு, கொடுத்த மிட்டாயை வாங்கிக்கொண்டு வந்தாள். கிருபாவதிதான் வழியெல்லாம் பொருமிக்கொண்டு வந்தாள். 

நாற்பத்தொன்பது சித்திரையில் வைகுண்டராஜ் பத்து நாள் விடுப்பில் வந்திருந்தார். மதுரையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த அன்னத்தாயும் வந்திருந்தாள். பதினாலு வயது. மத்தியானச் சாப்பாட்டில் எதற்கோ வாக்குவாதம் வந்தது. சடையைப் பின்னிவிடுகிறேன், வேண்டாம் என்கிற அற்ப விஷயம். அன்னத்தாய் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஹாஸ்டல்ல என்னைய என்ன சொல்றாளுக தெரியுமா? உங்கப்பா தியாகி, உங்கம்மா காட்டிக்குடுத்தவன்னு. ஏம்மா அதை எழுதுன? நான் செத்துப்போயிருந்தாத்தேன் என்ன?"

பூமாரி கையில் ரசக் கிண்ணம் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"உக்காரு" என்றார் வைகுண்டராஜ். சத்தமாகச் சொல்லவில்லை. "அன்னத்தாயி, உக்காரு. உங்கம்மா மட்டும் எழுதல. நானும் எழுதுனேன்."

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"உனக்குக் காய்ச்சல்னு கடுதாசி வந்துச்சு. நடுவுல ரெண்டு வரியில மை பூசியிருந்துச்சு. நீ போயிட்டேன்னுதேன் அந்த ரெண்டு வரியில இருக்குன்னு எனக்குத் தோணிருச்சு. உன் தம்பிக்கு வந்த மாதிரியே. அன்னைக்கே உக்காந்து எழுதுனேன். பரோல் குடுங்க, இனிமே அரசியல் பக்கமே போக மாட்டேன்னு. கையெழுத்துப் போட்டு ஜெயில் சூப்பிரண்டுகிட்டக் குடுத்தேன். சாயங்காலம் புத்தி வந்து திருப்பிக் கேட்டேன். போயிருச்சுன்னாக. பதிலே வரல. நீ எழுதுன அதே மாசம், பூமாரி."

பூமாரி கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். 

"கடைசி வரி" என்றாள் பிறகு. "நான் சொல்லச் சொல்ல எழுதுனீகளே, கருணை கேட்டவன் இல்லன்னு."

"ஆமா."

"அப்பவே தெரியும்ல?"

"தெரியும்."

"மூணரை வருசமா நான் யாருமில்லாத நேரம் பாத்துத் தண்ணிக்குப் போறேன். அதுவும் தெரியும்ல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சாயங்காலப் பஸ்ஸில் பூமாரி மகளைக் கூட்டிக்கொண்டு தேவதானப்பட்டிக்குப் போய்விட்டாள். புருஷன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு அவள் போனது வாழ்க்கையிலேயே அந்த ஒருமுறைதான். அவர் டெல்லிக்குக் கிளம்பிய பிறகுதான் திரும்பி வந்தாள். வந்த கடிதங்களைப் பிரிக்காமல் வரிசையாக அடுக்கி வைத்தாள்.

அந்த வருஷம் ஆகஸ்டில் ஜெயிலுக்குப் போனவர்களைக் கௌரவிக்கத் தேனிக் கடைவீதியில் ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. வைகுண்டராஜ் வந்தார். வந்ததும் அடுப்படி வாசலில் நின்று சொன்னார்:

"கூட்டத்துல சொல்லப்போறேன். நீ வரணும்."

பூமாரிக்கு நாலு மாதமாக அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"வேணாங்க. இத்தனை வருச உழைப்பும் போயிரும். யாருக்கும் தெரியாததை நீங்களே எதுக்குக் கிளறணும்? என்னைய எப்படியும் பேசிட்டாக, அது என்னோட போகட்டும்."

"டெல்லியில ஒவ்வொரு நாளும் தபாலை உடைக்கிறப்ப, அந்தக் காகிதந்தேன் வருதுன்னு நினைக்கிறேன் பூமாரி. யாராவது மரியாதையாக் கும்பிட்டாக்கூட, இவனுக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு பயம். என்னால முடியல."

பூமாரி அவரையே பார்த்தாள். இந்த மனிதருக்கும் பயம் உண்டு என்று இருபது வருஷத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மாலை நாலு மணிக்குக் கூட்டம். மேடையில் ஏழெட்டுப் பேர், சண்முகராஜும் இருந்தார். பூமாரி கிருபாவதியின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வைகுண்டராஜ் எழுந்ததும் கைதட்டல். நன்றாகப் பேசுகிற மனிதர் அன்றைக்கு மைக்கின் முன்னால் திணறினார். வேலூரைப் பற்றித் தொடங்கினார், நிறுத்தினார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு எந்த அலங்காரமும் இல்லாமல், தான் எழுதியது எந்த மாதம், அதில் என்ன இருந்தது, பத்திரிகை அறிக்கையில் எந்த வரி பொய் என்று சொன்னார். "என் மனைவி தன் பேரைப் போட்டு எழுதினாள், ஊரு பேசினதை வாங்கிக்கிட்டாள். நான் எழுதினதை மறைச்சு வச்சுக்கிட்டு டெல்லிக்குப் போனேன்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்தில் பின்னாலிருந்து யாரோ, "சரி, அதை இப்ப எதுக்குச் சொல்றாக?" என்று கேட்டது முன்வரிசை வரைக்கும் கேட்டது. சண்முகராஜ் ஒருமுறை பெண்கள் பக்கம் திரும்பிப் பூமாரியைப் பார்த்தார். மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்தவர் எழுந்து வேறு விஷயம் பேசத் தொடங்கினார். கிருபாவதியின் விரல்களில் பூமாரியின் நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

கல்லெறிவார்கள் என்று பயந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது வேறு. கடைவீதியில் பாதிப் பேர் அவர் சொன்னதை நம்பவே இல்லை. பெண்டாட்டி பேரைக் காப்பாற்றுவதற்காக அந்த மனிதர் இல்லாத பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், எப்பேர்ப்பட்ட மனுஷன், எல்லாம் அவள் படுத்திய பாடு என்றார்கள். பூமாரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மதுரைக் கமிட்டி நம்பியது. விளக்கம் கேட்டு எழுதியது. அவர் மாகாணக் கமிட்டிப் பதவியை விட்டு விலகினார். சபையில் மட்டும் காலம் முடியும்வரை இருந்தார். அடுத்து வந்த பொதுத்தேர்தல் பட்டியலில் அவர் பெயர் இல்லை, சண்முகராஜ் நின்றார். ஜெயில் ஃபைல் என்ன ஆனதென்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. வெள்ளைக்காரன் போகும்போது கொளுத்திவிட்டுப் போனான் என்று ஒருவர் சொன்னார். அப்படி ஒரு ஃபைலே இருந்திருக்காது என்றார் இன்னொருவர்.

கூட்டம் நடந்த மறுநாள் விடியக்காலையில், அப்பா பேசுவதைக் கேட்க விடுதியிலிருந்து வந்திருந்த அன்னத்தாய் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாம்மா, நானும் வாரேன்" என்றாள். குழாயடியில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். யாரும் ஒதுங்கவும் இல்லை, பேசவும் இல்லை. வரிசையில் நின்று இரண்டு குடம் பிடித்து வந்தார்கள்.

பொதுத்தேர்தல் வந்தபோது சண்முகராஜ் ஓட்டுக் கேட்டுக் கடை வாசலுக்கே வந்தார். அப்போது வைகுண்டராஜ் மல்லி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று எடை பார்த்துக்கொண்டிருந்தார். வியாபாரம் அவருக்குக் கைவரவே இல்லை என்பது செல்லப்பாண்டியின் தீராத புகார். சண்முகராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தனக்காக ஒரு கூட்டத்தில் பேச முடியுமா என்று கேட்டார். வைகுண்டராஜ் பூமாரியைப் பார்த்தார். மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சண்முகராஜிடம் கேட்டாள்:

"கூட்டம் எங்கன?"

"கம்பத்துலங்க."

"பஸ்ஸு சரியா வராது. கார் அனுப்புங்க. இவுகளுக்கு இப்ப முதுகுவலி" என்றாள். சாப்பாட்டை எடுத்து வைக்கத் தொடங்கினாள்.